வழக்கமான ஏற்ற இறக்கம்

இன்று செய்தி சேகரிக்க லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். சுவர் விரிசலின் இரு பக்கமும் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு மணந்தது. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

உங்கள் லயத்துச் சுவரிலும் நீ அப்படித்தான் கோடு போட்டிருந்தாய். புள்ளியியல் படித்தவன் நீ. காலையும் மாலையும் விரிசலை அளந்தாய். ஒரே விரிசலை அளந்தாலும் கைக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப எண் சற்று மாறும். அந்தச் சிதறல் எவ்வளவு என்று தெரிந்தால்தான், சுவர் உண்மையில் நகர்கிறதா என்று சொல்ல முடியும்.

"பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிச்சா தெரிஞ்சுருமே" என்றேன்.

"டேய் பத்திரிகைக்காரா, இந்தா, கதவை அள."

அசையாத நிலைக்கதவின் அகலத்தை மாறி மாறி அளந்தோம். உன் அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டா, ரெண்டு பேரும் தச்சு வேலைக்குப் போகப் போறீங்களா?" என்றார். ஐந்து முறை அளந்தபோது பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் இருந்த வித்தியாசம் ஐம்பதாவது முறையில் பெருத்திருந்தது.

"கதவா வளந்துச்சு? அளக்க அளக்க உன் கணக்குதான் ஊதுது. நடு எண்ணுலேருந்து ஒவ்வொண்ணும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாரு. அது இப்படி ஊதாது."

மழை பிடித்தது, விரிசல் அகன்றது. அதிகாரி ஒருவர், பல மாத அளவுகளில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தார். அந்த அகன்ற எல்லைக்குள் புதிய அளவும் அடங்கிவிட்டது. "வழக்கமான ஏற்ற இறக்கம்தான்" என்றார். கதவை அளந்த நானே அதை அப்படியே எழுதினேன். உன்னிடம் கேட்கவில்லை.

செய்தி வந்த காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, எல்லாரையும் லயத்தை விட்டுப் பாதுகாப்பாகப் பாடசாலைக்குப் போகச் சொன்னாயாம்.

"பேப்பர்லயே பயமில்லன்னு போட்டுருக்கே தம்பி. ஒங் கூட்டாளி எழுதுனதுதானே?"

"அவன் கணக்குல வீக்குங்க. வாங்க, போவோம்."

அவ்வளவுதான் சொன்னாயாம். பிறகு வீடு வீடாகப் போனாய். எல்லாரும் கிளம்பினார்கள், லயத்தின் கடைசி வீடான கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு முதியவரைத் தவிர. அவரோடு நீ பேசிக்கொண்டிருந்தபோதுதான் மலைச்சரிவு மண் லயத்தின் மேல் இறங்கியது.

உன் அம்மா அந்தச் செய்தியைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் தேவலாம்.

இப்போது யாராவது "வழக்கமானதுதான்" என்றால், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்காமல் நான் ஒரு வரி எழுதுவதில்லை. ஹட்டனில் என்னைக் கவனமான நிருபர் என்கிறார்கள். நீ இருந்தபோது நான் அப்படி இருக்கவில்லை.