பாதிச் சாப்பாட்டில் எழுந்த இராயப்பர்

டூட்டிங், லண்டன்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் ஜெஸ்ரினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய அருளாலும் பிரஷர் குளிசையின் உதவியாலும் நாங்கள் இருவரும் இங்கே சுகம். நீயும் ராம்கியும் மெல்பேர்ணில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் மாதாவிடம் மன்றாடுகிறேன். இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அப்பா பக்கத்தில் இருந்தால் ராம்கி என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் குறைப்பேன். இந்தக் காலத்தில் ஏன் அம்மா தபாலில் கடிதம் போடுகிறா என்று நீ யோசிப்பாய். போன கிறிஸ்மஸுக்கு நீ வாங்கித் தந்த ஐபாட்டில் என்னுடைய போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் வந்து விழுகிறது, அதை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவர் உன் அப்பா. அதனால்தான் பேனை எடுத்தேன். நல்ல பிள்ளையாக இதை முழுக்க வாசி, பாதியில் கோபம் வந்தாலும் மடித்து வைக்காதே.

உன் கலியாணப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்பா பிடித்த பிடி உனக்குத் தெரியும், ராம்கி முதலில் ஞானஸ்நானம் பெற வேண்டும், இல்லாவிட்டால் ஜனவரியில் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றார், நீயும் சரி என்று போனை வைத்தவள்தான், அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதை வீட்டோடு வைத்திருந்தாலும் பரவாயில்லை. மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் கமிட்டி ஆட்கள் முழுப்பேருக்கும் முன்னால் நின்று, அந்தப் பெடியன் ஞானஸ்நானம் எடுக்கும்வரை அவையின்ரை வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டன் என்று அறிவித்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கமிட்டிச் செயலாளர் கொட்வின், ஹவுன்ஸ்லோவிலிருந்து வருகிற அந்த ஹீத்ரோ ஷிப்ட் வேலைக்காரர், பால் எங்கை அண்ணை இருக்கு என்றுதான் கேட்டவர்.

இதைக் கேட்டு பங்குச் சுவாமியாருக்கு இரக்கம் வந்ததோ, இல்லை தன்னுடைய காதாவது தப்பட்டும் என்று நினைத்தாரோ தெரியாது, பெரியவர்களுக்குத் திருச்சபை தொடங்கின வரலாறு பற்றி ஒவ்வொரு ஞாயிறும் மண்டபத்தில் வகுப்பு எடுக்கும்படி அப்பாவிடம் கேட்டுவிட்டார். கவுன்சிலில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் கையில் மைக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வீடு முழுக்க இப்போது அப்போஸ்தலர்தான். பேதுரு, பவுல் என்ற புதுப் பெயர்களை அப்பா ஏற்பதில்லை, மன்னாரில் படித்தபடி அவருக்கு அவர்கள் இராயப்பரும் சின்னப்பரும்தான், பக்கத்துத் தெருவில் இருப்பவர்களைப்போல அவர்களைப் பற்றிக் காலையில் கோப்பி குடிக்கும்போதே குறை சொல்லத் தொடங்கிவிடுவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நன்றாகத்தான் படிப்பிக்கிறார். முதல் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் என்று ஒன்றும் இருக்கவில்லையாம், வீடுகளில் கூடித்தான் அப்பம் பிட்டார்களாம், லீதியா என்று ஊதாத் துணி விற்ற ஒரு மனுசி தன் வீட்டைத் திறந்து விட்டாவாம். பிரிஸ்காவும் அக்கிலாவும் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு கொரிந்துக்கு வந்து கூடாரம் செய்து பிழைத்த குடும்பமாம், சின்னப்பரும் அவர்களோடு தங்கி அதே தொழில் செய்துதான் சாப்பிட்டாராம், அரசாங்கத்திட்டை பெனிபிட் காசு எடுக்கேல்லை என்று அப்பா அழுத்திச் சொன்னார். கும்பிட ஒரு சிலை இல்லையே என்பதால் ரோமர் இவர்களை நாத்திகர் என்று ஏசினார்களாம். அதைச் சொன்னபோது வகுப்புக்கு வருகிற தவமலர் அக்கா மண்டபத்தைச் சுற்றி நிற்கிற சுரூபங்களை ஒருமுறை மெதுவாகத் திரும்பிப் பார்த்தா. கொள்ளை நோய் வந்து மற்றவர்கள் ஓடின காலத்தில் இவர்கள் நின்று நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்ததால்தான் சனம் சேர்ந்தது என்று அப்பா சொன்னபோது எனக்கே கண் கலங்கியது.

பிறகு அப்போஸ்தலர் கூடிப் பேசின யெருசலேம் சங்கம் பாடத்தில் வந்தது. யூதரல்லாதவர்கள் இயேசுவை நம்பிச் சேர வந்தபோது, முதலில் விருத்தசேதனம் செய்யட்டும், மோசேயின் சட்டம் முழுவதையும் பிடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு கூட்டம் நின்றதாம், இராயப்பர் எழுந்து எங்கள் முன்னோராலேயே சுமக்க முடியாத நுகத்தை ஏன் இவர்கள் கழுத்தில் வைக்கிறீர்கள் என்று கேட்டாராம். தவமலர் அக்கா கையை உயர்த்தி, அப்ப முதலிலை எங்களைப்போலை மாறு, பிறகு வா எண்டு ஒருத்தரையும் கேக்கக் கூடாதோ என்று கேட்டா. அப்பா மேசையில் ஓங்கித் தட்டினார். கேக்கவே கூடாது, அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருந்தால் இண்டைக்கு நாங்கள் ஒருத்தரும் இந்த மண்டபத்திலை இருக்கமாட்டம் என்றார். நான் பின்னால் தேத்தண்ணிப் பாத்திரத்தடியில் நின்றேன், காரில் ஏறின பிறகுதான் அப்ப ராம்கியை மட்டும் ஏன் கேக்கிறியள் என்று கேட்டேன். அது வேறை இது வேறை, அது விருத்தசேதனம், இது ஞானஸ்நானம் என்றார். வேறுதான், எனக்கும் தெரியும். வேறாக இருப்பதில் மனுசனுக்கு எவ்வளவு நிம்மதி என்றுதான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று சொல்லப்போகிறேன். அப்பா ஹவுன்ஸ்லோவில் ராம்கி வீட்டுக்குப் போய் வருகிறார். தொடக்கத்தில் ராம்கியின் அம்மா கிரிஜா எனக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டபோது, என்ரை நிலைப்பாட்டை நேரிலை சொல்லிப்போட்டு வாறன் என்று கிளம்பினார். வாசல்படியை மிதித்துத்தான் உள்ளே போனார், வேறு வழி இல்லை. நிலைப்பாடு சாம்பார் வரும்வரை தாக்குப் பிடித்தது. ராம்கியின் அப்பா வாசுதேவனுக்கும் இவருக்கும் ஒரே முழங்கால் வருத்தம், இரத்தத்தில் ஒரே அளவு சீனி வருத்தம், இதைவிட ஒரு சிநேகிதத்துக்கு என்ன வேண்டும். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் கார் என்ஜினுக்கு ஓட்டம் வேணும் என்று சொல்லிவிட்டு ஹவுன்ஸ்லோப் பக்கம் போய்விடுவார். கோயில் ஆட்கள் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

விநாயகர் சதுர்த்திக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். வாழையிலை போட்டுச் சாப்பாடு. எங்கள் பயறு போட்ட கொழுக்கட்டை இல்லை, தேங்காயும் வெல்லமும் வைத்தது, அவ்வளவு மெல்லிய மா. அப்பா, இது படைச்சதோ என்று கேட்டார். ஆமாண்ணா, பிள்ளையாருக்குப் படைச்சதுதான், ஆனா உங்களுக்குன்னு கொஞ்சம் படைக்காம தனியா எடுத்து வச்சிருக்கேன் என்று கிரிஜா சொன்னா. அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறா, பார். ஆனால் அப்பா விடுவாரா, சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் வைத்தார், படைச்ச சாப்பாட்டாலை ஒரு தீமையும் இல்லை, விசுவாசத்திலை பலவீனமான சகோதரன் பாத்து இடறுப்படாட்டிச் சரி என்று சொல்லிப் படைத்ததிலேயே ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. பாயசம் வரும் நேரம் பெல் அடித்தது. வாசுதேவனிடம் இரவல் வாங்கின ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் யார் என்று நினைக்கிறாய், கொட்வின்தான், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பலவீனமான சகோதரன் ஏணியோடு வந்து வாசலில் நின்றார்.

அப்பா கொட்வினின் குரலைக் கேட்டதும் இலையை விட்டு எழுந்துவிட்டார். பாதிச் சோறு இலையில் கிடக்க, கழுவாத கையோடு சமையலறைக்குள் போனார். ஏணியோடு உள்ளே வந்த கொட்வின் அவரைக் கண்டுவிட்டார், உடனே அப்பா, நான் சுடுதண்ணிப் போய்லர் பாக்க வந்தனான் என்றார். வலது கையில் வெல்லம் ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டு நேரே போய்க் காரில் ஏறி இருந்துகொண்டார். கிரிஜா பாயசக் கரண்டியோடு நின்று, அண்ணாவுக்கு ஏதாவது பிடிக்கலையா என்று என்னைக் கேட்டா. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது மகள். சாப்பிடுகிற இடத்தில் பாதியில் எழும்பிப் போவது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று தெரியாத மனுசனா அவர். வாசுதேவன் அப்பாவின் இலையை ஒரு தட்டால் மூடி வைத்தார், திரும்பி வருவார் என்று நினைத்திருப்பார். நான் எழும்பவில்லை. இருந்து பாயசம் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் குடித்தேன்.

இன்று அடுத்த வகுப்பு. பாடத் தலைப்புகளை எல்லாம் முன்கூட்டியே அடித்துக் கொடுத்திருந்தார்கள், அச்சடித்தவர் கொட்வின். யெருசலேமுக்குப் பிறகு அந்தியோக்கியா என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அப்பாவோ சங்கத்தை முடித்த கையோடு நீரோ மன்னன் ரோமாபுரியில் கிறிஸ்தவர்களைக் கொன்ற கதைக்குப் பாய்ந்துவிட்டார். கொட்வின் முன் வரிசையிலிருந்து, அண்ணை அந்தியோக்கியாவை விட்டிட்டியள் என்றார். அப்பா தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார், என்ன செய்வது. அந்தியோக்கியாவில் இராயப்பர் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டு வந்தாராம், யெருசலேமிலிருந்து அங்கத்தைய தலைவர் யாகப்பரின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிப் போனாராம், சின்னப்பர் எல்லோருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தாராம். சங்கத்திலை அப்பிடிப் பேசின மனுசன் ஏன் எழும்பினவர், சட்டத்துக்குப் பிழை எண்டோ என்று தவமலர் அக்கா கேட்டா. அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இல்லை, சட்டம் இல்லை, ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்ட பயம் என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. இராயப்பர் பிறகு திரும்பிப்போய்ச் சாப்பாட்டிலை இருந்தவரோ என்று கொட்வின் கேட்டார். அப்பா பக்கத்தைப் புரட்டி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சின்னப்பர் அதை எழுதேல்லை என்றார்.

கோப்பை கழுவும்போது கொட்வின் என்னிடம் வந்து, அக்கா நான் பகிடிக்குக் கேக்கேல்லை, எனக்கு அண்ணை அங்கை சாப்பிட்டதிலை ஒரு கோபமும் இல்லை, நானே ஷிப்ட் முடிஞ்சு வாற நாளிலை கிரிஜா அக்காட்டைத் தயிர்சாதம் வாங்கித்தான் சாப்பிடுறனான் என்றார். இவரைப் பார்த்துப் பயந்துதான் உன் அப்பா எழுந்து ஓடியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அப்பா நேரே சோபாவில் போய் இருந்தார். பிறகு கிரிஜா அன்று என்ன சொன்னவா என்று கேட்டார், சொன்னேன், இலையை மூடி வைத்ததையும் சொன்னேன். மனுசன் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவருக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது, என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை. ஹவுன்ஸ்லோவுக்கும் அப்படித்தான், உன் கலியாணத்துக்கும் அப்படித்தான். நான் ஏசிப் பார்த்தேன், என் ஏச்சு அவருக்குப் பழகின ரேடியோ. முகத்துக்கு நேரே கண்டிக்க இந்த வீட்டில் அவர் பயப்படுகிற ஆள் நீ ஒருத்திதான், நீயோ வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய். அவருக்கு நீ ஏசுவது வலிக்கும், நீ பேசாமல் இருப்பது அவரை உள்ளே தின்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் தனியாக விமானம் ஏறி, உன் கலியாணத்தில் பக்கத்து நாற்காலி வெறுமையாக இருக்க இருந்து சிரிக்க மனம் வராது. அதனால் போன் எடுத்து முதலில் நன்றாக ஏசு, நடுவில் அழுகை வந்தாலும் நிறுத்தாதே, பிறகு வாங்கோ அப்பா என்று ஒரு முறை சொல்லு. ஞானஸ்நானப் பேச்சை நீயாக எடுக்காதே, அவரைத் திருப்திப்படுத்த ராம்கியை நெருக்கவும் வேண்டாம், அது அவரவர் மனசில் வர வேண்டியது. இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஒரே நாளில்தான் நாங்கள் திருநாள் வைக்கிறோம். சண்டை பிடித்த புனிதர்கள் இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமலே இருந்து புனிதரானவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே, ராம்கிக்கு என் அன்பைச் சொல்லு. நான் எழுதினதை மட்டும் அப்பாவுக்குச் சொல்லிவிடாதே. சற்று முன்னர்தான் கதவடியில் வந்து நின்று, மெல்பேர்ணிலை ஜனவரியிலை கோட் போட ஏலுமோ, இல்லாட்டி வெக்கையோ என்று கேட்டுவிட்டுப் போகிறார். வராத மனுசனுக்கு எதற்குக் கோட் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது, மகளைக் கேளுங்கோ என்று மட்டும் சொன்னேன். போன் மேசையடியில் போய் இருக்கிறார், எடுக்கவில்லை, இருக்கிறார்.

உன் அன்பு அம்மா
மேரிசாந்தி சூசைதாசன்