பாய்லருக்கு ஆள் பிடித்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், அப்பா நலம், பாய்லரும் இப்போது நலம். அது நலமாவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். நீ கூப்பிட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது?

மாடியில் நமக்கும் கீழே நம் சலவைக் கடைக்கும் சேர்த்து அந்த ஒரே பாய்லர்தானே. போன மாதம் அது மூச்சை நிறுத்திவிட்டது. குளிக்கவும் பச்சைத் தண்ணீர், துவைக்கவும் பச்சைத் தண்ணீர். விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளில் கறை போகாமல் அப்படியே இருந்தது. விடுதி மேனேஜர் நேரிலேயே வந்து, “திங்கக்கிழமைக்குள்ள சுடுதண்ணி வரலைன்னா நாங்க வேற கடையைப் பாத்துக்கறோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். விடுதித் துணி கைவிட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆள் கூப்பிடலாம் என்றேன். உன் அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். “பாய்லர் இன்ஜினியரைப் பெத்து வெச்சுக்கிட்டு வெளி ஆளைக் கூப்பிடறதா? லீவுல வந்து பாக்கறேன்னு அவ சொல்லியிருக்கா இல்ல?” என்றார். நீ அப்படிச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அப்போது பாய்லர் லேசாகச் சத்தம்தான் போட்டுக்கொண்டிருந்தது.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்துத் தெரு கான்ட்ராக்டரை வரச் சொன்னேன். வீட்டு பாய்லர், கடை பாய்லர் இரண்டும் பார்ப்பவர். எதைக் கேட்டாலும் “பண்ணிடலாம்” என்பார், அதனால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வந்தவர் மூடியைத் திறந்தார், உச்சுக் கொட்டினார், “இதுல கடைசியா யாரு கை வெச்சது?” என்று கேட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் இவர்கள் முதலில் கேட்பது அதுதான், அதில் ஒன்றும் விஷமம் கிடையாது. ஆனால் கடைசியாகக் கை வைத்தவள் நீ. போதாதா? “எம்பொண்ணு கையைக் குத்தம் சொல்றியா?” என்று உன் அப்பா அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டார். சோப்புத்தூள் மூட்டையை நகர்த்தச் சொன்னால் மட்டும் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து கான்ட்ராக்டரை மறுபடி வரவழைத்தேன். பாவம், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் வந்தார். பம்பு இறுகிப்போயிருக்கிறது என்று அதை மாற்றினார். குழாயில் ஆவி பறக்கத் தண்ணீர் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அப்பா திரும்பி வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் எழுந்தால் திரும்பவும் பச்சைத் தண்ணீர். பாய்லருக்குள் தண்ணீரே இல்லை, அதனால் தானாக அணைந்திருக்கிறது என்று சொல்லி, நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் பண்ணிடலாம். அடுத்த நாளும் அதே கூத்து. இந்தத் தடவை அவர் உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, உங்க வீட்டு எலி ஸ்பேனர் பிடிக்குது. இதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். அவர் வாயிலிருந்து முடியாது என்று ஒரு வார்த்தை வந்ததை நம் தெருவில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்று கடை அடைத்ததும் அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? கொஞ்ச நேரத்தில் எலி வந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. வடிகுழாய்க்குக் கீழே வாளியை வைத்து, சத்தம் வராமல் ஸ்பேனரைத் திருப்பியது. கையும் களவுமாகப் பிடித்தேன். “கடை முழுகினாலும் பரவாயில்லையா உங்களுக்கு?” என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டே, “ரிப்பேர் ஆயிட்டா அவ எதுக்கு வருவா?” என்றார்.

ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் பரவாயில்லை, பரவாயில்லை என்கிறேனே, அதெல்லாம் பொய்தான் மகளே.

இரண்டு பேருமாகத் தண்ணீரை நிரப்பி பாய்லரை ஓடவிட்டோம். விடுதி விரிப்புகள் திங்கட்கிழமை பளிச்சென்று போய்ச் சேர்ந்தன, மேனேஜர் அடுத்த மூட்டையையும் கொடுத்து அனுப்பினார். வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும்படி பண்ணிடலாமிடம் பேசி முடித்துவிட்டேன். இப்போது அவர் வந்தால் உன் அப்பாவே நாற்காலி போட்டு உட்காரவைத்து உன் பெருமையை ஆரம்பித்துவிடுகிறார். அந்த மனிதர்தான் கிளம்ப வழி தெரியாமல் முழிக்கிறார்.

ஊரார் வீட்டுத் தண்ணீரையெல்லாம் சூடாக்கும் உன் கை எந்நாளும் குளிராமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இங்கே இப்போது எதுவும் கெட்டுப்போகவில்லை, நீ வந்து பார்க்க ஒரு வேலையும் இல்லை. சும்மா வா.

உன் வரவை எண்ணி,
அம்மா