காஜியாரிடம் நான் சொல்லாத முறையீடு

சூலியா தெரு, பினாங்கு
1917, நோன்புக்கு முந்தின மாதம்

அன்பு மச்சானுக்கு, சபூராவின் சலாம். இங்கு நான் சுகம். பாஸ்ரா பாலைவனத்தில் தாங்களும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

இங்கே மழை விடவில்லை. துறையில் உங்கள் படகுக்குப் புது இன்ஜின்காரன் வந்திருக்கிறான். அவன் கைபட்டால் படகு இருமுகிறதாம். உங்களைச் சண்டைக்கு அனுப்பிய துரைக்கு நன்றாக வேண்டும்.

உங்களோடு சண்டைக்குப் போன அப்துல் ரஹீம் அண்ணன் காலில் காயத்தோடு திரும்பிவிட்டார். மணல்காற்று கிளம்பிய அன்று தண்ணீர் வண்டியோடு போன நீங்கள் முகாமுக்கு வரவில்லை என்றார். மையித்தை, உடலைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அது போதும் எனக்கு.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. என் அண்ணன் முகம்மது கனி ஒரு முடிவோடு இருக்கிறார். நிக்காஹ் அன்று காஜியார் மலாயில் வாசித்ததைத் திருப்பிச் சொல்லத் தெரியாமல் நீங்கள் திணறினீர்களே, அந்தத் தஃலீக் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் செலவுக்கும் கொடுக்காமல், சேதியும் இல்லாமல் விட்டால், மனைவி முறையிட்டதும் தலாக் விழும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதுதானே என்கிறார். கெடு தாண்டிவிட்டது. துணிக்கடை காஜா மொய்தீன் என்னைப் பெண் கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன்.

மதினி வேறு, நீங்கள் கட்டிய கருகமணியைக் கழற்றி வை என்று காலையும் மாலையும் நச்சரிக்கிறாள். கழற்ற முடியாது, போங்கள் என்று எரிந்து விழுந்துவிட்டேன். அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறி, முறையிடாவிட்டால் இந்த வீட்டில் உனக்குச் சோறில்லை என்றுவிட்டார். அக்கரையில், சுங்கை பாக்காப்பில் ருக்குமணி அக்கா தையலுக்கு ஆள் தேடுகிறாள். நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். உங்கள் மேல் கோபமாகவும் இருக்கிறது. யாரோ இருவர் சண்டைக்கு, குடிக்கத் தண்ணீரில்லாத மண்ணில் உங்களுக்கு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அண்ணன் என்னைக் காஜியாரிடம் அழைத்துப் போகிறார். போவேன். எனக்காக அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். முறையீடு மட்டும் என் வாயிலிருந்துதான் வர வேண்டுமாம். என் புருஷன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

எங்கிருந்தாலும் அல்லாஹ் உங்களை நிழலில் வைப்பானாக. உங்கள் கையால் எழுத முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கொண்டாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் உங்கள் மனைவி,
சபூரா