தரைக்கு வைக்காத ரசமட்டம்

என் மேசைமேல் இரண்டு அலுமினிய வட்டுகள் கிடக்கின்றன. விரித்த கை அகலம், இரண்டு அங்குலக் கனம், நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் போல்ட்டுக்கான துளைகள். சாரல் ஈரத்தில் அறையிலுள்ள புத்தகங்களெல்லாம் பூஞ்சை வாடை அடிக்கின்றன. இவை மட்டும் பழைய கிரீஸ் நாற்றத்தை விடவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தும் போகவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நாற்றத்தோடு நீயும் வந்துவிடுகிறாய். கடைசி ஆறு வருடம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது உனக்கு மடல் எழுதுகிறேன். சிரித்துக்கொள். சிரிப்பு உனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

நீ அந்த பிக்கப்பை வாங்கிய வாரம் நினைவிருக்கிறது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் புளியங்குடி மண்டிக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. உனக்கு மட்டும் ஒரு குறை. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கிறதாம்.

"பாருலே, கடன் கேக்க வந்தவன் மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கு" என்றாய்.

"லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்கும்லா. அப்பம் சரியாயிரும். அதுக்குத்தான் அப்பிடி வச்சிருக்கான்."

"லோடு ஏத்துதது வாரத்துக்கு ரெண்டு நாளு. மிச்ச அஞ்சு நாளும் இது எவனுக்குக் கும்பிடு போடுது?"

பதில் சொல்ல முடியாதபடி பேசுவது உன் வழக்கம். பத்து நாளில் லெவலிங் கிட் என்று ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டாய். முன் சக்கரத்தின் மேலே, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டின் தலையில், இந்த வட்டை வைத்து முடுக்கினால் முன்பக்கம் உயரும். பெட்டியில் ஓர் அங்குலத்தில் ஒரு ஜோடியும் இரண்டு அங்குலத்தில் ஒரு ஜோடியும் இருந்தன. எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

"மெக்கானிக் எதுக்கு? மெக்கானிக்கல் சொல்லிக்குடுக்க சார்வாளு நீ இருக்கைல" என்றாய். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அப்போது நான் கல்லூரியில் இயந்திர வடிவமைப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டு முற்றத்துக்கு ரசமட்டத்தோடு வந்தேன். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த கட்டை, அதுதான். வண்டி தெருவாசலைப் பார்த்து நின்றது. கதவின் கீழ்ச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி பின்பக்கம் ஓடியது. கணக்குப் போட்டு, "ரெண்டு இஞ்ச் வேணும்" என்றேன். நீ தலையாட்டினாய். என் வாழ்க்கையில் நீ எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையாட்டிய ஒரே சந்தர்ப்பம்.

ஜாக்கி கொடுத்தோம், ஸ்டாண்டில் நிறுத்தினோம், சக்கரத்தைக் கழற்றினோம். தண்டை வெளியே எடுப்பதும் வட்டைத் தலையில் முடுக்குவதும் சுலபம். திரும்ப உள்ளே பொருத்துவதுதான் பாடு. இரண்டு அங்குலம் நீண்டுவிட்டதால் கீழ்த்துளை நேருக்கு வராது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின்மேல் நீ ஏறி நின்று மிதித்தாய். நான் மல்லாந்து படுத்து போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மிதிக்கவா விடவா, சொல்லித் தொலைலே."

"மிதி. இன்னும். நில்லு, அப்பிடியே நில்லு, மூச்சு விடாத."

"மூச்சு விடாம நின்னா என்னையத் தூக்கிட்டுப் போயிருவாவ. சீக்கிரம் செருகுலே சவமே."

போல்ட் உள்ளே போனது. இரண்டு பக்கமும் முடித்து, வண்டியைக் கீழே இறக்கி, மறுபடி ரசமட்டம் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. உன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். கிரீஸ் கையோடு இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். என் நாற்பது வயதுக்குமேல் அவ்வளவு சந்தோஷமான காலை வேறொன்று இல்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை மறக்க முடியவில்லை.

மறுநாள் தென்காசியில் பெட்ரோல் பங்கின் சமதரையில் வண்டி நின்றபோது உனக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. போன் செய்தாய். "சார்வாளே, வண்டி கெளம்பப் போற பிளேன் மாதிரி நிக்கு. டிக்கெட் வாங்கணுமான்னு கேக்கான் பங்க்காரன்."

சாயங்காலம் நான் வந்தபோது ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து முற்றத்தின் நடுவில் ஊற்றினாய். தண்ணீர் நேராக வாசலுக்கு ஓடியது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் தேங்காமல் வடிய, குற்றாலத்தில் முற்றத்துக்கு வாட்டம் விடாமல் யாரும் சிமெண்டு போடுவதில்லை. அந்த ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? வண்டிக்கு மட்டம் பார்த்தேன், வண்டி நின்ற தரைக்குப் பார்க்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரில் என் படிப்பு முழுவதும் ஓடிப்போனது. நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். நானும் சிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு கழற்றி ஓர் அங்குலம் மாட்டலாம் என்றோம். அதுவரைக்கும் எதிரே வருபவன் கண் கூசாமலிருக்க, ஸ்டீயரிங்குக்குக் கீழேயுள்ள சின்னத் திருகைக் காட்டினேன். பூச்சியத்திலிருந்து மூன்றுக்குத் திருகினால் முன்விளக்கின் ஒளி கீழே இறங்கும்.

அந்த ஞாயிறு வரவில்லை. இடையில் தென்காசியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டவன் முதல் பாயசம் ஊற்றியவன் வரை கேட்க, கதையைச் சொன்னாய். "மூணு டிகிரி படிச்ச மண்டை. பூமி சாஞ்சு கெடக்கது தெரியல" என்று முடித்தாய். எதிர்ப்பந்தியில் என் கல்லூரித் தாளாளர். அவர் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய், பார்த்த பிறகும் தண்ணீர் ஊற்றிய பகுதியை இன்னொரு முறை சொன்னாய்.

நான்கு மாதம் கழித்து எங்கள் துறையில் மூன்று பேரைக் குறைத்தார்கள். முதல் பெயர் என்னுடையது. மாணவர் சேர்க்கை இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். உண்மையாகவே அதுதான் காரணமாக இருக்கலாம். ஆனால் கடிதத்தை நீட்டியபோது தாளாளர், "இப்பவும் வண்டி வேலையெல்லாம் பாக்கீங்களா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் எனக்கு வகுப்பறை தரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன்.

நீ இரண்டு முறை என் வாசலுக்கு வந்தாய். முதல் முறை நான் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. இரண்டாம் முறை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"எறங்கி வாலே. அந்த வண்டி மூக்கத் தாழ்த்தி விட்டுட்டுப் போ."

"நல்ல மெக்கானிக்காப் பாத்துக்கோ. நான் பூமி சாஞ்சது தெரியாத ஆளு."

"சிரிக்கதுக்குச் சொன்னதுலே."

"எல்லாரும் சிரிச்சாச்சில்லா. போ."

போய்விட்டாய். நீ மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு வேறொன்று தொடங்கியது. புளியங்குடியிலிருந்து நீ வீடு திரும்புவது சாயங்காலம் ஏழு மணிவாக்கில். என் வீட்டுத் திருப்பத்தில் சாலை ஏறி வளைகிறது. மற்ற வண்டிகளின் வெளிச்சம் என் காம்பவுண்டுச் சுவரில் அடித்துவிட்டுப் போகும். உன்னுடையது மட்டும் மாடி ஜன்னலுக்குள் புகுந்து, அறையின் விட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து மறையும். நான் செய்த பிழையை ஒவ்வொரு நாளும் என் தலைக்கு மேலே வரைந்து காட்டுகிறாய் என்று நினைத்தேன். கனமான திரைத்துணி வாங்கினேன். வாங்கியதைத் தைக்கக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

ஆறாவது வருடம், மண்டியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்ச் சேர்ந்தாய். கேத வீட்டுக்குள் வராமல் தெருமுனையில் நின்றேன். அங்கேயும் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் செம்புத் தண்ணீர்க் கதையைத் தொடங்கினார். பாடை எடுக்கும் முன் திரும்பிவிட்டேன்.

போன மாதம் உன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணாச்சி, கடையநல்லூர்க்காரவுக வண்டிய வாங்குதாவ. முன்பக்கத்த எறக்கித் தரச் சொல்லுதாவ. ஒர்க் ஷாப்புல விட மனசு வரல. எத்தனையோ பேரு கழட்டுதேன்னாவ. 'மாட்டுனவன் வந்து கழட்டட்டும்'னு ஒருத்தரையும் தொட விடலியே அவுக."

"கோவமாச் சொன்னானா?"

"அவுக எதக் கோவமாச் சொன்னாவ, எத வெளையாட்டாச் சொன்னாவன்னு கட்டிக்கிட்ட எனக்கே தெரியாது அண்ணாச்சி."

அதே முற்றம். வண்டியைத் தொடும் முன் ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி மலைப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. பிறகு வேலையைத் தொடங்கினேன். நட்டுகள் துருவேறிப் போயிருந்தன, வேறு ஸ்பானர் பட்ட தடமே இல்லை. வட்டை எடுத்துவிட்டால் தண்டு பழைய நீளத்துக்கு வந்துவிடும், திரும்பப் பொருத்த ஏறி மிதிக்க ஆள் வேண்டியதில்லை. உன் கனம் தேவைப்படாமல் போல்ட் தானாக உள்ளே போனது. கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தேன்.

வண்டியை வெளியே எடுக்க ஏறி உட்கார்ந்தபோது ஸ்டீயரிங்குக்குக் கீழே பார்த்தேன். விளக்கைத் தாழ்த்தும் திருகு பூச்சியத்தில் இருந்தது. மேல்முழுக்கத் தூசி. ஆறு வருடம் நீ அதைத் தொடவே இல்லை. எதிரே வந்தவர்களெல்லாம் உன்னைத் திட்டியிருப்பார்கள், போலீஸ்காரர் நிறுத்தியிருப்பார். விரலால் தள்ளினால் இறங்கியிருக்கும் ஒளியை என் ஜன்னல் உயரத்திலேயே வைத்திருந்தாய். சீண்டினாயா, கூப்பிட்டாயா? கேட்டிருந்தால் அதற்கும் சிரித்திருப்பாய்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அந்தப் பந்தியும் அந்தச் சிரிப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன. வண்டி மறுநாள் கடையநல்லூருக்குப் போய்விட்டது. வட்டுகளை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள் உன் மனைவி.

ஏழு மணிக்கு இப்போதும் திருப்பத்தில் வண்டிகள் ஏறுகின்றன. வெளிச்சம் சுவரோடு நின்றுவிடுகிறது. டியூஷன் பிள்ளைகள் தலை குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நான் அந்த நேரத்துக்கு விட்டத்தை அண்ணாந்து பார்க்கிறேன்.