நான் நனைத்து ஒட்டிய பிலிம் ரோல்கள்

அன்றைக்கு ஏலாவில், நம் வயல்வெளியில், நின்றவர்கள்: தம்பி செல்வராஜ், அவன் மனைவி ரோஸ்லெட், நம்மை ஆட்டோவில் கொண்டுவந்த பினு, கையில் குடையோடு நான். அப்புறம் நீ, உன் கேமராவோடு. உன் பெயரை மட்டும் இப்போது எழுத மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

இன்று காலை அறுப்பின் பண்டிகைக்காகச் சபையில் தந்த காணிக்கைக் கவரை எடுத்தேன். ஒட்டுவதற்காக ஓரத்தை நாக்கால் நனைத்ததும் அந்தப் பசையின் ருசி. லேசான இனிப்பு, பின்னால் ஒரு கசப்பு. உடனே நீ வயல்வரம்பில் நின்று ரோலை நீட்டுகிறாய். "எக்கா, நக்கு" என்கிறாய். கவரை ஒட்டாமலே கட்டிலில் இருந்துவிட்டேன்.

குவைத்தில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு நீ என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பெட்டியில் தங்கம் இருக்கும் என்று ரோஸ்லெட் எட்டி எட்டிப் பார்த்தாள். அதை நான் மறக்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு பழைய கேமரா. இரும்புக் கனம். கண்ணில் வைத்துப் பார்க்கிற ரகம் இல்லை. மேல் மூடியைத் திறந்து, வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து உள்ளே இருக்கிற கண்ணாடியைப் பார்க்க வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் நீ ஜெபிக்கிறாய் என்றுதான் தோன்றும்.

கல்யாணத்துக்கு வா, ஞானஸ்நானத்துக்கு வா என்று எத்தனை பேர் கூப்பிட்டார்கள்! நீ மலையையும் வயலையும் மேகத்தையும் தவிர ஒன்றையும் எடுக்கவில்லை. கேட்டால், "மனுசங்கள வேண்டிய மட்டும் பாத்தாச்சு அக்கா. இனி கொஞ்சம் மலையப் பாக்கட்டு" என்பாய்.

நான் நாலாம் கிளாஸோடு நின்றவள். போட்டோவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் நீ போன இடமெல்லாம் வந்தேன். கேமராவுக்கு வெயில் படாமல் குடை பிடிப்பேன். முக்காலியின் கால் சேற்றில் புதையாமல் இருக்க, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பேன். பையில் சிரட்டையோடு ஆட்டோவில் ஏறும்போது பினு சும்மா இருக்க மாட்டான்.

"அம்மச்சி, சிரட்ட விக்கான் போவாணோ?" என்பான். உன்னிடம் திரும்பி, "சிஸ்டர், மொபைலில எடுத்தா ஒரு செக்கண்டில தீருமே. இதுக்கு முக்காலியும் கொடையும் அம்மச்சியும் வேணுமா?"

"ஒனக்கு வெயிட்டிங் சார்ஜ் உண்டுல்லா? பேசாம இரி" என்பாய் நீ.

உனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. குளத்தூரில் நம் அப்பா வயலின் வரம்பில் நின்று கிழக்கே பார்த்தால், வரம்புக்கு அந்தப் பக்கம் ஒற்றையாக ஒரு அயனி மரம். அதற்குப் பின்னால் அகத்தியர்கூடம். மலை தினமும் தெரியாது. ஐப்பசியில் துலாமழை விட்ட காலையில், வெயில் ஏறும் முன்னால், கொஞ்ச நேரம் நீலமாக எழும்பி நிற்கும். அப்புறம் மேகம் மூடிவிடும். மரமும் மலையும் ஒன்றாக வர வேண்டும் என்று நீ மழைதோறும் காத்திருந்தாய்.

முதல் தடவை என்னைக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அதில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். பாகம் பிரித்தபோது அந்த அயனி செல்வராஜின் பங்கில் போய்விட்டது. எனக்கு அதில் ஆறாத கோபம். கண்ணாடியில் பார்த்தால் மரம் இந்தப் பக்கம் நிற்கிறது.

"ஏட்டி, செல்வராஜுக்க மரம் நம்ம பக்கத்துக்கு வந்துட்டுதே!" என்றேன்.

"கண்ணாடியில மட்டுமாக்கும் அக்கா. ஆதாரப் பத்திரத்துல இல்ல" என்று சொல்லி, வரம்பிலேயே உட்கார்ந்து சிரித்தாய்.

கடைசி வருஷம் உனக்கு ஒரு அவசரம் இருந்தது. முந்தியெல்லாம் மலை மூடிவிட்டால், "நாளைக்கும் அங்கதானே நிக்கும்" என்று சொல்லித் திரும்புகிறவள், அந்த வருஷம் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாய். இன்னொன்றும் இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் ரோலைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும். தபால்தலைபோலப் பசை தடவியது. வெளிச்சம் புகாமல் அதை நனைத்து இறுக்கி ஒட்ட வேண்டும். எப்போதும் நீயே நக்கி ஒட்டுவாய். அந்த வருஷம் என்னிடம் நீட்டத் தொடங்கினாய்.

"வாய் வறண்டு கெடக்கு அக்கா."

"வெள்ளம் குடிக்கணும் ஏட்டி. எப்பளும் வெயிலில நின்னா?" என்றேன். நீயும் தலையாட்டினாய்.

அந்தச் சனிக்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. பினுவை ஹாரன்கூட அடிக்க விடவில்லை நீ, மலை ஓடிவிடும் என்பதுபோல. ஆட்டோ நின்றதும் நான்தான் முதலில் பார்த்தேன். மலை முழுசாக நின்றது. மரம் தரையில் கிடந்தது. அடிக்கட்டையிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செல்வராஜ், ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு.

"வா மக்கா, வா! இப்ப பாரு, எவ்வளவு தெளிவா காணுது!"

"எலே, ஆரு சொல்லி வெட்டுன?" என்று நான் கத்தினேன்.

"போட்டோவுக்காக்கும் அக்கா. அது மலைய மறைச்சிட்டு நின்னுதே."

"கண்ணாடியில கூட மரம் எங்க பக்கம் வந்தா ஒனக்குப் பொறுக்காதாலே?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரோஸ்லெட், "நல்லது செய்ததுக்கு ஏசுதியளே மைனி" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பினு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நீ கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாய். பால் கையில் ஒட்டியது. சின்னப் பிள்ளை பாவாடையில் துடைப்பதுபோலச் சேலையில் துடைத்துவிட்டு, "அண்ணா, இதுமேல இரி" என்றாய்.

"எனக்க படமா? சட்ட மாத்திட்டு வாறேன்."

"வேண்டாம். மேகம் வந்துரும்."

அவன் கைலியோடு கட்டையில் உட்கார்ந்தான். நான் சிரட்டை வைத்தேன், குடை பிடித்தேன். மனிதரை எடுக்காத நீ, குனிந்து, அந்த ரோல் முழுவதையும் அவனுக்கே எடுத்தாய். மலை அவன் தலைக்குப் பின்னால் கடைசிவரை நின்றது. பிறகு என்னிடம் ரோலை நீட்டினாய். நக்கி ஒட்டினேன். வேறென்ன செய்வேன்?

மார்கழியில் நீ படுத்தாய். டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் சுவரில் சாய்ந்தபோது, "எனக்கும் இப்பத்தான் தெரியும் அக்கா" என்றாய். நம்பினேன். கஞ்சி காய்ச்சினேன், முதுகு துடைத்தேன், பைபிளில் சங்கீதம் வாசித்தேன். அந்த நாட்களில்கூட நீ அதை மாற்றிச் சொல்லவில்லை.

உன்னை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன்போல அழுதான்.

"எக்கா, மழைக்கு முந்தியே எங்கிட்ட சொல்லிட்டா. அடுத்த துலாமழைக்கு நான் இருக்க மாட்டேன் அண்ணா, அந்த மலைய ஒருக்கா தெளிவா எடுக்கணும்ணு. மரமும் வேணும்ணு சொல்லேல்லக்கா. நான் வேற என்ன செய்து குடுக்க முடியும்? மரத்த வெட்டுனேன்."

"எங்கிட்ட ஏன்லே சொல்லேல்ல?"

"அக்காட்ட சொல்லாண்டாம்ணு சத்தியம் வாங்கிட்டா. அறிஞ்சா அக்கா என்னக் கட்டில்ல போட்டு கஞ்சி தருவா, ஏலாவுக்கு விடமாட்டாண்ணு."

விடமாட்டேன்தான். பொய்யில்லை. அது ஒரு காரணமா?

மாத்திரை தின்று தின்றுதான் உன் வாய் வறண்டது என்று பிறகு அறிந்தேன். உன் வாயின் வறட்சியை எனக்குத் தந்தாய். அதன் காரணத்தை அவனுக்குத் தந்தாய்.

அந்தப் படம் செல்வராஜ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன். கைலி கட்டிய ஒரு கிழவன், பின்னால் நீல மலை. நல்ல படம்தான். அவன் மேல் எனக்கு வேறு கோபங்கள் உண்டு, பாகம் பிரித்த நாளிலிருந்து. மரத்தை வெட்டின கோபத்தை மட்டும் விட்டுவிட்டேன். தனக்குத் தெரிந்த வழியில் அவன் அன்பு காட்டினான்.

எடுக்காத ரோல் ஒன்று ஃபிரிட்ஜில், முட்டை வைக்கிற இடத்தில், நீ வைத்தபடியே இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை. மழை விட்ட காலைகளில் குடையை எடுத்துக்கொண்டு வரம்புவரை போகிறேன். மலை தெரிந்தால் நிற்கிறேன். நாக்கில் அந்தப் பசை வந்துவிடுகிறது.

சாயங்காலம் கவரை ஒட்டிக் காணிக்கையைக் கொடுத்துவிட்டேன். மன்னிக்காதவர்கள் யாராவது உண்டா, யோசியுங்கள் என்று போதகர் கேட்டார். யோசித்தேன். செல்வராஜை மன்னித்தாயிற்று. தங்கத்துக்காக எட்டிப் பார்த்த ரோஸ்லெட்டைக்கூட. மன்னிக்காமல் வைத்திருக்கிறது ஒரே ஒரு ஆளை. நான் சாகிறவரைக்கும் மன்னிக்கவும் மாட்டேன்.

உன்னைத்தான், ஸ்டெல்லாபாய்.