துரட்டிக் கம்பும் நாலு அடியும்

ஐப்பசி 4, செவ்வாய்
தூறல். மக்காச்சோளத் தட்டை எல்லாம் நனைந்து போச்சு. ஏட்டு வந்தார். போன வாரம் என் ஆட்டுக்குட்டியைத் திருட வந்தவன் என் மேலேயே புகார் கொடுத்திருக்கிறானாம். கையில் மாவுக்கட்டாம். குட்டியை வண்டியில் தூக்கி வைத்தவன் அவன். தடுக்கப் போன என்னைக் கீழே தள்ளினவனும் அவன். கேஸ் எனக்கு!

"அவன் விழுந்த பெறவும் நாலு போட்டியாமே?"
"எவ சொன்னா?"
"நூறு நாள் வேலையில நீதான் சொன்னியாம். வெள்ளிக்கெழம ஸ்டேஷனுக்கு வா."

சொன்னேன்தான்.

5, புதன்
வக்கீலைப் பார்க்க அரியலூர். பஸ்ஸில் நின்றுகொண்டே. வக்கீலம்மாவுக்கு என் பேத்தி வயசு.

"நெசமா எத்தன அடி, பாட்டி?"
"ஒண்ணுதான்மா. துரட்டிக் கம்பால, கண்ண மூடிக்கிட்டு வீசினேன். குட்டியப் போட்டுட்டு ஓடிட்டான்."
"அப்பறம் எதுக்கு நாலுன்னீங்க?"

அத்தனை பொம்பளைகள் வாயைப் பிளந்து கேட்கும்போது ஒன்று என்று எப்படிச் சொல்வது?

உசுருக்கோ பொருளுக்கோ ஆபத்து என்றால் அடிக்கலாமாம். தடுக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுதானாம். விழுந்து கிடப்பவனை அடித்தால் குற்றமாம். நல்ல சட்டம்!

"தள்ளிவிட்டப்ப பயந்தீங்களா?"
"நானா? என்னை யாருன்னு நெனச்ச?"
"பயப்படலன்னா ஏன் அடிச்சீங்கன்னு கேப்பாங்க. உங்க மேல கேஸ் நிக்கும், பாட்டி."

சொன்னேன். பயத்தில் சேலை நனைந்ததையும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதையே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கணுமாம். தலைவலி.

7, வெள்ளி
வாங்க வேண்டியது: ஊசி, நூல், குட்டிக்குப் பூச்சி மருந்து. மறந்தாச்சு.

ஸ்டேஷன் வாசலில் ராசாத்தி. நூறு நாள் வேலையில் என் கூட்டாளி. இன்னும் நாலு பேரையும் இழுத்து வந்திருக்கிறாள். யார் கூப்பிட்டது? "அக்கா, நாலு அடிதான்னு நாங்க சத்தியம் பண்றோம்!" வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏட்டு மை டப்பாவை நீட்டினார். "கைநாட்டு வையி, பாட்டி."
"பேனா குடுங்க. அஞ்சாவது படிச்சவ நான்."

நானே எழுதினேன். பயந்தேன். சேலை நனைந்தது. ஒரே அடி. அந்த மனுசன் மனசுக்குள் படிக்கக் கூடாதா? ஸ்டேஷனுக்கே கேட்க வாசித்தார். ராசாத்தி பக்கம் நான் திரும்பவே இல்லை. விசாரித்துச் சொல்கிறோம், போ என்றார்கள்.

8, சனி
வெயில். ஏரி வேலை. வாயே திறக்கவில்லை நான். கரையில் ராசாத்தி, புதுசாய் வந்தவர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்கிறாள். காதைத் தீட்டிக் கேட்டேன். சேலைப் பேச்சே இல்லை.

அடி மட்டும் ஆறு.