வாசலில் திருப்பிய நான்கு கடிதங்கள்

மார்ச் 3
காலையிலிருந்து கல்லூரி மெயில் சர்வருக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு மெயில் வந்து சேர நாற்பது நிமிடம். தேர்வுப் பிரிவு அதிகாரி போனில், "மெயில் நடந்து வருதா மேடம்?" என்றார். வருவதில் பத்துக்கு எட்டு குப்பை. குப்பையைப் பிரிக்கும் வடிகட்டி நிரல் எல்லாவற்றையும் உள்ளே விட்டு, எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. குப்பையைப் படித்தே அதன் ஆயுள் போகிறது.

மார்ச் 5
வழியை மாற்றினேன். இனி வாசலிலேயே இரண்டு கேள்வி. பெறுபவர் இங்கே இருக்கிறாரா? அனுப்பும் சர்வர், குப்பை அனுப்புபவர்களின் கறுப்புப் பட்டியலில் உள்ளதா? தேறாததை அங்கேயே திருப்பிவிடும்; மீதியை மட்டும் படிக்கும். தொண்ணூறு சதவீதம் இருந்த சுமை மதியத்துக்குள் இருபது! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்."

மார்ச் 6
பேசவில்லை.

மார்ச் 11
ஒரு புகாரும் இல்லை. ஆறு நாளாக என் அறைக்கு ஆளும் இல்லை. ஏதாவது கெட்டுப்போனால்தான் இவர்களுக்கு என் ஞாபகம் வரும். மாற்றலாகி வந்து எட்டு மாதம் — கேன்டீனில் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

மார்ச் 17
நூலகர் அம்மா வந்தார். மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறானாம். கடலில் போன் எடுக்காது, மெயில்தான். "பன்னெண்டு நாளா ஒண்ணுமே வரல மேடம். கொஞ்சம் பாருங்களேன்."

சர்வர் பதிவுகளில் தேடினேன். நான்கு மெயில். நான்கையும் வாசலிலேயே திருப்பியிருக்கிறது. கப்பலின் மெயிலை அனுப்பும் சர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது; வேறு யாரோ அதன் வழியே குப்பை அனுப்பியிருக்கிறார்கள். என்ன காரியம் பண்ணிட்டேன்? ஒரு வாரம் சோதிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா — என்ன அவசரம் எனக்கு?

கப்பல் பக்கம் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது. வாய் வரவில்லை. "அவர் நாலு தடவை எழுதியிருக்காரு. நான் செஞ்ச மாற்றத்தாலதான் திரும்பிப் போயிருக்கு" என்றேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அவன் செத்துட்டானோன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டார்.

மார்ச் 18
இல்லாத முகவரிக்கு வருவதை மட்டும் இனி வாசலில் திருப்பும். பட்டியலில் இருக்கும் சர்வர்கள்மேல் சந்தேகம் மட்டும். படித்துப் பார்த்துத்தான் முடிவு. சுமை முப்பத்தைந்துக்கு ஏறியது. ஏறட்டும், தாங்கும்.

நூலகத்துக்குப் போய், "அவருக்கு ஒரு மெயில் போடுங்க. பதில் வந்தா இனிமே திரும்பிப் போகாது" என்றேன். நூலகர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

மார்ச் 19
பதில் வரவில்லை. நான் சாப்பிடப் போகவில்லை.

மார்ச் 20
11.10. வந்துவிட்டது. நூலகத்துக்கு ஓடினேன். நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் ஒரு வரி வாசித்துக் காட்டினார். "எல்லாம் திரும்பி வந்துச்சும்மா, உனக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

கண்ணைத் துடைத்துவிட்டு, "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு
நூலகர் கூப்பிட்டிருந்தார், அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் தனியாகத்தான் இருக்கிறார். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறித் திரைச்சீலை மாட்டினேன். கிளம்பும்போது, "அடுத்த வாரம் வர்றப்ப உருளைக்கிழங்கு வாங்கிட்டு வா" என்றார்.

'வா' என்றதைப் படி இறங்கும்போதுதான் கவனித்தேன்.